ஆறாம் இயந்திரத்தின் ஏழு விசைகள்

சக்கரங்களை இறக்கும் வேலையை வீரலட்சுமி ஒன்பதாம் எண் விசைக்குக் கொடுத்தாள்.

பீரங்கியை டேப் விசைக்கு. வேகத்தடையை அதற்குக் கீழே இருந்த கேப்ஸ்லாக் விசைக்கு. துரத்தும் ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறியை இடப்பக்க ஷிப்டுக்கு.

ஆட்டம் தொடங்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

மட்டாஞ்சேரி பஜார் சாலையில், மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்த அந்தக் கணினிக் கடையில் ஓணப் போட்டியின் இறுதிச் சுற்று. எவரும் எவரையும் ஏமாற்றவில்லை என்று காட்டுவதற்காக, மோதவிருந்த இரண்டு இயந்திரங்களிலும் போர்விமான விளையாட்டை அழித்துப் புதிதாய் ஏற்றியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக அவள் ஒவ்வொன்றாய் அமைத்துவைத்த விசைகள் அத்துடன் அழிந்தன.

முதலாம் இயந்திரத்தில் அமர்ந்திருந்த அஜீஷுக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை. அவனுடைய விசைப்பலகை புதிது. பக்கத்தில் ஜாய்ஸ்டிக்கும் இருந்தது. விளையாட்டை ஆக்கியவர்கள் எந்த விசைக்கு எந்த வேலையை விதித்தார்களோ, அதுவே அவனுக்குப் போதும்.

ஆறாம் இயந்திரத்தில் விதித்தபடி ஆட முடியாது. அதில் ஏழு விசைகள் செத்துக் கிடந்தன. சுடுவதற்குரிய நீளமான ஸ்பேஸ் விசை செத்திருந்தது. சக்கரங்களுக்குரிய எழுத்தும், வேகத்தடைக்குரிய எழுத்தும் செத்திருந்தன. மற்ற இருக்கைகள் காலியாய்க் கிடந்த நாள்களிலும் கடைக்காரர் அபிலாஷ் அவளுக்கு ஆறையே காட்டினார்.

வென்றவர் அடுத்த ஓணம் வரை முதலாம் இயந்திரத்தில் அமரலாம். அதுதான் பரிசு. அவளுக்கு வேண்டியதும் அந்த நாற்காலி ஒன்றுதான்.

அஜீஷ் எட்டிப் பார்த்தான். "சேச்சி, பிளேன் ஓட்டப் போறீங்களா, ஆர்மோனியம் வாசிக்கப் போறீங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை. திரையின் மூலையில் எப்போதும் தொங்கும் மஞ்சள் துணியைச் சற்றே ஒதுக்கிவிட்டு, இலக்கைப் பூட்டும் வேலையை எஃப் இரண்டுக்குக் கொடுத்தாள். அன்று காலை ஆறு மணிக்கு, மாநகராட்சியின் சீருடையில், இதே கடையின் வாசலை அவள் கூட்டிச் சென்றிருந்தாள். அவளுக்கு முன்பு அந்தச் சாலையைக் கூட்டியவள் அவளுடைய தாய் சுப்பம்மாள்.

ஆட்டம் தொடங்கியது. மூன்று விமானங்களை முதலில் வீழ்த்துபவருக்கு வெற்றி.

முதலில் அஜீஷுடைய விமானம் வீழ்ந்தது. அடுத்து அவளுடையது. மீண்டும் அவளுடையது. பிறகு அவனுடையது.

இரண்டுக்கு இரண்டு. எஞ்சியது ஒன்று.

அவன் அவளுடைய வாலைப் பிடித்துக்கொண்டான். ஏவுகணை புறப்பட்டது. அவளுடைய சுண்டுவிரல் ஷிப்டில் அழுந்தியது. தீப்பொறிகள் சிதறின. ஏவுகணை அவற்றின் பின்னே போய் மறைந்தது.

இன்னும் நெருங்கினான். அவள் கேப்ஸ்லாக்கைத் தட்டினாள். விசைப்பலகையின் சிறிய பச்சை விளக்கு எரிந்தது. வேகத்தடை விரிந்தது. அவளுடைய விமானம் வானத்தில் நின்றுவிட்டதைப் போலத் தளர, அஜீஷ் அவளைக் கடந்து முன்னே பாய்ந்தான்.

தன் வேகத்தடை எந்த எழுத்தில் இருக்கிறது என்று அவன் குனிந்து தேடினான்.

தேடுகிறவனுக்குக் காலம் காத்திருப்பதில்லை. அவளுடைய விரல் ஓர் அங்குலம் மேலேறி டேப்பைத் தொட்டது.

அஜீஷின் திரை செந்நிறமாயிற்று.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். முதலில் தட்டியவன் அஜீஷ். எழுந்து நாற்காலியை இழுத்துவிட்டான்.

வீரலட்சுமி எழுந்தாள். மஞ்சள் துணியைக் கையில் எடுத்தாள். ஆறடி தூரத்தையும் அவசரமின்றிக் கடந்து, முதலாம் இயந்திரத்தின் அருகே நின்றாள். அமரவில்லை. துணியை அபிலாஷிடம் நீட்டினாள்.

"தொடச்சுத் தாங்க, சேட்டா. எனக்கு முன்னால ஆள் இருந்ததல்லே?"

இரண்டு ஆண்டுகளாக அவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். அவள் எழுந்துபோனதும், அடுத்தவர் உட்காரும் முன், அபிலாஷ் அந்தத் துணியை மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வருவார். ஆறாம் இயந்திரத்தின் விசைகளை ஒன்று விடாமல் அழுத்தித் துடைப்பார். மற்ற எந்த இயந்திரத்துக்கும் துணி இல்லை. மற்ற எவர் எழுந்தபோதும் அவர் எழுந்ததில்லை.

அபிலாஷ் துணியை வாங்கி மருந்துத் தண்ணீரில் நனைத்தார். புதிய விசைப்பலகையைப் பார்த்தார். அவருடைய கை பாதியில் நின்றது.

"மோளே... ஈரம் பட்டா கீயெல்லாம் கேடாவும்."

"தெரியும், சேட்டா. அங்கே ஏழு போயிருக்கு."

அவர் தலை குனிந்தார். துணி அவருடைய விரல்களில் சொட்டிக்கொண்டிருந்தது.

வீரலட்சுமி அமர்ந்தாள். அந்தப் பலகையில் எல்லா விசைகளும் உயிரோடு இருந்தன. அவள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முதலாவதாக, பீரங்கியை டேப் விசைக்குக் கொடுத்தாள்.