இரண்டு வருடம் முன்னே பின்னே

"ஜெயிச்சுட்டு வந்து நிக்கிறோம். மூஞ்சிய ஏன்யா இப்படி வச்சிருக்கே?" என்றார் வக்கீல்.

ரோடு போட்டுப் போட்டுக் கருத்துப்போன கைகளைப் பிசைந்தபடி கோர்ட்டு வராந்தாவில் நின்றார் தார்க்காரர்.

"எலும்பு டெஸ்டுல உன் பையனுக்குப் பதினெட்டுன்னு வந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம்னு டாக்டரே எழுதிட்டார். சந்தேகம்னு வந்தா, அது கூண்டுல நிக்கிறவனுக்குத்தான் சாதகம். ரெண்டைக் கழிச்சுப் பதினாறுன்னு சொல்லிட்டாங்க. இனிமே அவன் சின்னப் பையன். பெரிய ஜெயில் கிடையாது. நாளைக்கு ஜாமீன்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. வேற என்ன வேணும் உனக்கு?"

"அந்த ரெண்டு வருஷம் எவன் வீட்டுச் சொத்து சார்? இழுத்தா நீளுது, விட்டா சுருங்குது. நான் போடுற ரோட்டுல ஒரு விரக்கடை கனம் குறைஞ்சா பேத்துப்போட்டுட்டு மறுபடி போடச் சொல்றான் இன்ஜினியர். முன்னே பின்னே இருக்கும்னு சொன்னா செருப்பாலதான் அடிப்பான்."

"மெதுவா பேசுய்யா. அதோ சர்க்கார் வக்கீல் டீ குடிச்சிட்டிருக்கார். அப்பீல் போறதுக்கு ஒரு சாக்கு கிடைக்காதான்னு அலையற மனுஷன்."

தார்க்காரர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரல் இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

"போன வருஷம் இதே கட்டடத்துல என் பொண்ணு நின்னா. அவளைச் சீரழிச்சவன் எதிர்ல பல்லைக் காட்டிட்டு நின்னான். அவளுக்கும் மணிக்கட்டு, முழங்கை, இடுப்புன்னு படம் புடிச்சாங்க. பதினேழுன்னு வந்துச்சு. அப்பவும் அதே ரெண்டு வருஷம்தான்."

"கேள்விப்பட்டேன்..."

"என்னத்தைக் கேள்விப்பட்டீங்க? அவளுக்குக் கூட்டினாங்க சார்! பத்தொம்பது வயசாம், விவரம் தெரிஞ்சவளாம், இஷ்டப்பட்டுத்தான் போனாளாம். விட்டுட்டாங்க அவனை. என் வீட்டு வழியாவே விசிலடிச்சுட்டுப் போனான். என் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் வாசப்படி தாண்டல. அதைப் பார்க்கப் பொறுக்காமத்தான் பையன் அவன் மண்டையைப் பொளந்தான்."

"சட்டம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்யா. அன்னிக்குக் கூண்டுல அவன் நின்னான், இன்னிக்கு உன் பையன் நிக்கிறான்."

"அப்ப என் பொண்ணு எங்கே நிக்கறது?"

வக்கீல் பேச்சை மாற்றினார். "பிறந்த சர்ட்டிபிகேட் ஒண்ணு வச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

"ரோட்டோரக் கொட்டாயில பொறந்ததுக்கு எவன் சர்ட்டிபிகேட் குடுப்பான்? பொண்ணு கேஸுல பெத்தவ வந்து வயசைச் சொன்னா. வாய்ச்சொல் செல்லாதுன்னு உக்கார வச்சுட்டாங்க. பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதாம், படம் புடிக்கிற மிஷினுக்குத் தெரியுமாம்!"

வக்கீலுக்கும் எரிச்சல் வந்துவிட்டது. "உனக்கு நல்லது பண்ணினதுக்கு எனக்கு இது வேணும். கொஞ்சம் யோசிச்சுப் பாரு. அக்காவுக்குப் போன வருஷம் பத்தொம்பது. தம்பிக்கு இந்த வருஷம் பதினாறு. எந்த வீட்டுலதான் அக்கா தம்பி இல்ல? இதுல யார் உன்னை என்ன ஏமாத்திட்டாங்க? மனசுல இருக்கறதைச் சத்தமாச் சொல்லித் தொலையேன்!"

சர்க்கார் வக்கீல் டீக்கப்பைக் கசக்கி எறிந்துவிட்டு அவர்களைக் கடந்து போனார். அவர் படியிறங்கி மறையும்வரை தார்க்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு வக்கீலின் கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்து, காதருகே குனிந்தார்.

"சத்தமாச் சொன்னா, அவளுக்குப் போட்ட கணக்கையே இவனுக்கும் போட்டுப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. அதான் இத்தனை நாள் முழுங்கிட்டுத் திரியறேன்" என்றார். பல்லைக் கடித்ததில் வார்த்தை நசுங்கி வந்தது. "அவ முதல் அழுகை ஓயறதுக்குள்ள இவனும் வந்து விழுந்தான் சார். ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க."