பால் வாங்கப் போனவர்

"பதினஞ்சு வருஷம் காங்கோவுல சமாதானம் பண்ணிட்டு வந்தவளாம்! நம்ம வயல்ல வந்து குட்டையைக் குழப்பி வச்சிருக்கா!"

பால் பாட்டிலும் கையுமாக வண்டியை விட்டு இறங்கினார் டீட்ரிக்.

அது சபை வயல். பட்டினி கிடக்கும் நாடுகளுக்கு அனுப்ப, கனடாவின் மனிடோபாவில் மெனோனைட் கிறிஸ்தவ சபையார் ஒன்றுகூடி விளைவித்த கோதுமை. சாயங்காலம் மழை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்.

அறுவடை மெஷினில் ஐசக். அதன் குழாயிலிருந்து கொட்டும் கோதுமையைப் பிடிக்க, பக்கத்திலேயே அதே வேகத்தில் டிராக்டர் ஓட்ட வேண்டியவன் அவன் தம்பி கொர்னி. தப்பினால் கோதுமை மண்ணில்.

வாய்க்கால் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்று ஆறு வருஷம். ஆறு வருஷமும் நடுவில் ஓடியவர் டீட்ரிக். ஐசக் திட்டினால், அதைக் கழுவித் துடைத்து கொர்னியிடம் சேர்ப்பார். சபையில் அவருக்கு அதனாலேயே தனி மரியாதை.

இன்று அவரைத்தான், காபிக்குப் பால் இல்லை என்று டவுனுக்கு விரட்டியிருந்தாள், காங்கோவிலிருந்து திரும்பி வந்திருந்த ஹெல்கா.

"உனக்கு மூளை இருக்காம்மா? நான் இல்லாம அவனுங்க எப்படி ஓட்டுவானுங்க? பாரு, எவ்வளவு கொட்டிக் கிடக்கு! யாரோட சாப்பாடு அது?"

"ஆமாண்ணே, கொஞ்சம் கொட்டிருச்சு." ஹெல்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

வயலில் இரண்டு வண்டிகளும் நின்றன.

"டேய் கொர்னி! தூங்குறியா? முன்னாடி வாடா!"

"நீ மொதல்ல நேரா ஓட்டுண்ணே! குழாய் எங்கே பாக்குது பாரு!"

ஆறு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு.

இன்னும் நாலு வசவு பறந்தது. அப்புறம் கொர்னி சிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு வண்டிகளும் ஒன்றாக நகர்ந்தன. இந்த முறை சிந்தவில்லை.

"ஏதோ கர்த்தர் கிருபை." டீட்ரிக்கின் முகம் சுருங்கியிருந்தது. "இல்லேன்னா உன் மறதிக்கு இன்னிக்கு அடிதடிதான்."

பாலை வைக்க ஐஸ் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே இரண்டு பாட்டில் பால். மூடிகூடத் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். ஹெல்கா தலை நிமிரவில்லை.

"காங்கோவுலயும் இப்படித்தாண்ணே. நடுவுல ஓடுற ஆளைத்தான் மொதல்ல கடைக்கு அனுப்புவோம்."