பந்தை வாங்கிக்கொண்ட பிறகும்

கூட வேலை பார்க்கும் செபஸ்தியானுக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். நர்ஸ் என் கையில் ஒரு ஸ்பாஞ்ச் பந்தைத் திணித்து, "விட்டு விட்டு அமுக்குங்க சார்" என்றாள். ரத்தப் பை நிறைந்ததும் ஊசியை எடுத்துவிட்டுப் பந்தை வாங்கிக்கொண்டாள். கை மட்டும் நிற்கவில்லை. மூடித் திறந்து, மூடித் திறந்துகொண்டிருந்தது. அவள் கொடுத்த பிஸ்கட்டை இடது கையால் தின்றேன். வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டேன், அங்கேயும் அமுக்கியது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற செபஸ்தியானின் மனைவி ஜெசிந்தா அதைப் பார்த்துவிட்டாள். பயப்படவில்லை. என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்திடாதீங்கண்ணே. அவருக்கு இப்பத்தான் ரத்தம் ஏத்துறாங்க."

நிறுத்துவது என் வசத்தில் இருந்தால்தானே? இருந்தாலும் "சரிம்மா" என்றேன். விரல்கள் தளரும்போதெல்லாம் அவள் முகம் வெளுத்தது. அதனால் நானும் சேர்ந்து அமுக்கினேன். பிறகு எது நான் அமுக்குவது, எது தானாக நடப்பது என்று பிரிக்க முடியவில்லை.

அதே நர்ஸ் அந்த வழியாக வந்தாள். "இவரு ரத்தந்தானே சிஸ்டர் உள்ள ஏறுது?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"இல்லம்மா. இத டெஸ்ட் பண்ணி ஸ்டாக்ல வைப்போம், யாருக்காவது போகும். உங்க வீட்டுக்காரருக்கு ஏறுறது வேற யாரோ முன்னாடி குடுத்தது."

ஜெசிந்தா என் கையை விட்டாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடக்கத் தொடங்கினாள்.

என் கை மூடித் திறந்துகொண்டிருந்தது. இனி யாரைக் கேட்டு நிறுத்துவது?