எத்தனையாம் கட்டில்

"பிள்ளை, அருட்செல்வன் கடைசியாக் கிடந்தது எத்தினையாம் கட்டில்?"

ஆழ்வாப்பிள்ளை காதோரம் குனிந்து கேட்டபோது, சவம் எடுக்க இன்னும் நேரமிருந்தது. அருட்செல்வன் பதினெட்டு வருஷம் உழைத்துக்கொடுத்த வள்ளத்தின் சொந்தக்காரர் அவர்.

கமலாவதி நிமிர்ந்தாள். அவருடைய கண்ணில் நீர் இருந்தது. கையில் பேனையும் இருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. இந்தக் கடற்கரையில் யார் செத்தாலும் லொத்தர்ச் சீட்டுக்கு ஓர் இலக்கம் பிறக்கும். பாட்டன்மார் காலத்தில் கவிழ்ந்த தோணியின் இலக்கம். இடம்பெயர்ந்த காலத்தில் செத்தவனின் நிவாரண அட்டை இலக்கம். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில். வலை கிழியும், வள்ளம் உக்கும், இந்த ஈனப்புத்தி மட்டும் பரம்பரையாக வரும்.

"ஏழு, அண்ணை" என்றாள் புருஷனைப் பறிகொடுத்தவள்.

அவர் ஒருமுறை தலையில் அடித்து அழுதுவிட்டுச் சந்திப் பக்கம் நடந்தார். சுடலைக்கு வரவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அருட்செல்வனின் சொந்தத் தங்கை உதயகலா கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தாள். மூச்சு வாங்கிய இடைவெளியில் அவளும் கேட்டாள்.

கமலாவதி நாலு என்றாள். இன்னொருவருக்கு ஒன்பது. பூச்சியம் மட்டும் மிஞ்சியபோது பத்தாம் கட்டில். கேட்ட பத்துப் பேருக்கும் வெவ்வேறாகப் பத்து இலக்கம். வேறு ஒருத்தருக்கும் சொல்லிவிடாதே என்று அவர்களே கையைப் பிடித்துக் கெஞ்சியதால், ஒன்றும் வெளியே வரவில்லை.

எட்டாம் நாள் செலவுச் சடங்கன்று ஆழ்வாப்பிள்ளை வாழைக்குலையோடு ஓடிவந்தார். ஏழில் முடியும் சீட்டாகத் தேடி இருபது வாங்கினாராம். இருபதுக்கும் கடைசி இலக்கப் பரிசு விழுந்துவிட்டதாம்.

"உன்ரை மனுசன் தெய்வம், பிள்ளை!"

படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தோற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கும்பிட்டார்கள். ஒருவருக்கும் கோபமில்லை. தங்கள் காதில்தான் பிழையாக விழுந்தது என்று நம்பினார்கள். உதயகலா அடுத்த குலுக்கலுக்காகத் தமையனின் வயதை விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தாள்.

கமலாவதி தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனாள்.

அவன் எப்படிப் போனான் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் எந்தக் கட்டிலிலும் கிடக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் இரண்டு சந்தி இருக்கும்போதே, ஓட்டோவுக்குள், அவளுடைய மடியில் முடிந்துபோனான்.