மூன்றாவது வீடு

காலை ஆறு மணிக்கு மகள் வந்து கட்டிலருகே நின்றாள். ஒன்பது வயசு. பைஜாமா நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"அம்மா..." என்றாள்.

வந்த இடத்தில், அடுத்தவர் வீட்டு மெத்தையில்.

இரண்டு மாதமாகத்தான் இப்படி. வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் உடம்புக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அம்மா சத்தமில்லாமல் எழுந்து மகளோடு பக்கத்து அறைக்குப் போனாள். கணவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். நாலு நாளாகக் காரை ஓட்டியது என்னவோ அவள்தான்.

லீவுக்குப் பழைய நண்பர்களைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். இது மூன்றாவது வீடு.

முதல் வீட்டில் மகள் சோபாவில் ஜூஸைக் கொட்டினாள். "பரவால்ல, குழந்தைதானே" என்று சிரித்தார்கள். மறுவேளை அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது.

இரண்டாவது வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் வாய் திறந்தால் மார்க்கும் ரேங்க்கும்தான். அவர்கள் பெண் வாங்கிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மகள் கையில் கொடுத்துக் காட்டினார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே பொறுப்பான நர்ஸ். தட்டில் மிச்சம் வைப்பதை வைத்தே நோயாளியின் மனசைச் சொல்லிவிடுவாள். இரண்டு வீட்டிலும் மகள் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

நேற்று இந்த வீட்டில் மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தண்ணீரும் நிறையக் குடித்தாள்.

மெத்தை இந்த வீட்டுப் பையனுடையது. அவன் வெளியூர் ஹாஸ்டலில் படிக்கிறான். அம்மாவும் மகளும் விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

இந்த வீட்டுக்காரி, அம்மா 'லவுட் ஸ்பீக்கர்' என்று கூப்பிடும் தோழி, நின்றிருந்தாள்.

நர்ஸிங் படிக்கப் போன புதிதில் அம்மாவோடு ஒரே அறையில் தங்கியவள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று முதல் வருஷமே ஓடிப்போய் விளையாட்டு டீச்சர் ஆனவள். விசில் இல்லாமலே மைதானத்தை நிறுத்திவிடும் குரல். விருந்தாளிகளுக்கு என்று கையில் ஒரு ஜக்குத் தண்ணீர்.

மெத்தையைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

ஒரே ஒரு நொடி.

அடுத்த நொடி ஜக்கு கவிழ்ந்தது. மெத்தையில் பாதி, மகள் மேல் பாதி.

"ஐயையோ! மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டேனே! பாப்பா, உன்னையும் நனைச்சுட்டேனா? என் கையில என்ன எண்ணெயா தடவியிருக்கு!"

சமையலறையிலிருந்து அவள் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "காலங்காத்தால எதைக் கவுத்த?"

"மெத்தையை! வந்து ஒரு கை பிடிங்க!"

கரண்டியோடு வந்தார். வாசனை அவர் மூக்கையும் எட்டியிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. "இவளை வச்சுக்கிட்டு ஒரு பொருளை உலர்ந்து பாக்க முடியுதா பாப்பா?" என்று மகளிடம் புகார் சொன்னபடி மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினார்.

மகள் அவரைப் பார்த்தாள். தொப்பலாக நனைந்திருந்த தன் பைஜாமாவைப் பார்த்தாள். களுக்கென்று சிரித்துவிட்டு இன்னொரு முனையைப் பிடித்தாள்.

அம்மாவுக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

மொட்டைமாடியில் மெத்தையைப் போட்டுவிட்டு மற்ற இருவரும் இறங்கிப் போனார்கள். தோழிகள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரிப்பை முறுக்கிப் பிழிந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும்டி. இவ கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? லீவு முடியற வரைக்கும் இருக்கட்டும்."

"லீவு முடிஞ்சும் நாங்க வரலைன்னா?"

முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

வார்டில் அடுத்த ஷிஃப்ட்காரியிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் அதே நிதானத்தோடு அம்மா சொன்னாள். "இருபதாம் தேதி ஆபரேஷன். அவரோட கிட்னி ரெண்டும் இனிமே தாங்காதுன்னுட்டாங்க. என்னோடதுல ஒண்ணு குடுக்கறேன். ஒரே நாள், அடுத்தடுத்த ரூம். நல்லபடியா முடியும், எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா படுக்கறோம் பாரு."

லவுட் ஸ்பீக்கர் அழவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை. விரிப்பை உதறிக் கொடியில் போட்டு, சுருக்கம் போக இழுத்துவிட்டாள்.

"எங்க ஸ்கூல் எட்டரைக்கு. என்கூட ஸ்கூட்டர்லயே வந்துடுவா. பாலுக்குச் சக்கரை எத்தனை ஸ்பூன்?"

"ஒண்ணு."

"சரி."

அம்மா கீழே இறங்கியபோது கணவன் எழுந்து மேஜையில் உட்கார்ந்திருந்தான். எதிரே, அவர்கள் இருவருமாக உட்கார்ந்து எழுதிய ஐந்து முகவரிகள் கொண்ட காகிதம். எதற்காகத் தேடுகிறோம் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் நாள் குறித்ததிலிருந்து இருபதாம் தேதிக்கு அப்புறம் என்று அவன் எதைப் பற்றியும் பேசியதில்லை.

அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ மிச்சம் ரெண்டு வீடு?"

அவள் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

"அது அடுத்த லீவுக்கு."