நானூற்றுப் பதினெட்டாம் மரம்

தந்தம் இருந்த இடத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டார். இந்தக் கொம்பன் இங்கே உப்பு மண் தின்ன வரும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

"ரெண்டு பேருக்கு. ஒண்ணு நான்."

இன்னொருவர் பத்தடி தள்ளி நின்றார். மொக்கையன். எட்டு வருஷமாக எனக்கு வழி காட்டுகிறவர். ஃபாரஸ்ட் கார்டு ஒருவன் அவர் கையைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. யானையையும் பார்க்கவில்லை.

போடிமெட்டுக்குக் கீழே, பழைய ஏலத்தோட்டத்தின் மேல்கோடி இது. பராமரிக்க முடியாமல் முதலாளி கைவிட்டுப் பத்து வருஷம் ஆகிறது. ஏலச்செடியைக் காடு விழுங்கிவிட்டது. ஆள் நடமாட்டம் கிடையாது.

1974-இல் முதன்முதலில் இங்கே ஏறினேன். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் படம் பிடிப்பதை விட்டேன். மரங்களை வெட்டி விற்க முதலாளி மனுப் போட்டபோது, என் படங்கள் வாரப் பத்திரிகையில் வந்துதான் அந்த மனு நின்றது.

ஒன்றில் மட்டும் நான் கறார். படத்தின் கீழே 'மலையில் ஓரிடம்' என்றுதான் போடுவேன். எந்த இடத்தில் பஸ்சை விட்டு இறங்குகிறேன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்படியானால் வெளியே சொன்னது யார்?

போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டும் மொக்கையன் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். அதே மூன்று ஞாயிறும் அரிவாளோடு அவர் தனியாக இந்தச் சரிவில் ஏறியதைப் பார்த்ததாகக் கார்டு சொன்னான்.

நான் சுற்றிப் பார்த்தேன். உப்பு மண் பள்ளத்தின் ஓரத்து ஆயினி மரத்தில் மார்பு உயரத்தில் ஒரு சாண் அளவுக்குப் பட்டை செதுக்கப்பட்டிருந்தது. புதுக் காயம். அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்த மரத்திலும்.

மரம் மரமாக எண்ணிக்கொண்டே போனேன். நாற்பது.

வேட்டைக்காரனுக்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ரேஞ்சரைக் கூப்பிட்டு நானே காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, வாக்குமூலம் எழுத ஆரம்பித்தார். மொக்கையன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அப்போதுதான் அவர் மனைவி பாண்டியம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கீழ்த்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தவள், சேதி கேட்டு, இடுப்பில் கட்டிய கூடையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். நான் மரத்தைக் காட்டிப் பேசுவதைக் கேட்டு நின்றவள், சிரித்துவிட்டாள்.

"அடையாளம் வைக்கிறவன் நம்பரைச் செதுக்கியா எடுப்பான்? அடையாளம் நீங்க எடுத்த படத்துலதான இருக்கு, போட்டோக்கார அண்ணே!"

எனக்குப் புரியவில்லை.

ரேஞ்சருக்குப் புரிந்துவிட்டது. வாக்குமூலத்தை மடிப்பதை நிறுத்தினார்.

ஏலத்தோட்டத்து நிழல் மரங்கள் சர்க்கார் சொத்து. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் இருக்கும். கங்காணி காலையில் வேலை பிரிப்பதே அந்த நம்பரை வைத்துத்தான். இந்த நம்பரிலிருந்து இந்த நம்பர் வரைக்கும் உன் நிரை என்பார். ஒரு காலத்தில் இங்கே காய் எடுத்த யாரைக் கேட்டாலும் எந்த நம்பர் எந்தச் சரிவு என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

சித்திரையில் அட்டைப்படமாக வந்த கொம்பன், ஏலக்காய் வாட்டும் ஸ்டோர் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். காதுக்குப் பின்னால் ஆயினி மரம். மரத்தில் 418.

"எழுத்துக் கூட்டத் தெரியாத எனக்கே தெரிஞ்சது. ஊர்ப்பட்ட பயலுக்குத் தெரியாதா? ஒண்ணை மட்டும் எடுத்தா 417-ம் 419-ம் காட்டிக் குடுத்துரும்னு இவரு வரிசையாச் செதுக்குனாரு. அதுக்குள்ள வந்துட்டானுக."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க படம் பிடிக்கிறதை விட்ருவீகளாம். நீங்க விட்டா முதலாளி இந்தக் காட்டை வெட்டாம விட மாட்டாராம்."

கொம்பனின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

அட்டைக்குப் படம் இடப்பக்கம் நீளுகிறது, அந்த மரத்தை வெட்டி எடுத்துவிடலாமா என்று பத்திரிகை ஆசிரியர் அப்போது கேட்டிருந்தார். மரம் இல்லாமல் என்ன காடு, ஒரு நூல்கூடக் குறைக்காதீர்கள் என்று தந்தி அடித்தவன் நான்.

ரேஞ்சர் என் வாக்குமூலத்தைக் கிழித்தார். கார்டு மொக்கையனின் கைக்கட்டை அவிழ்க்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

"யானைக் கேஸ் இவன் மேல இல்ல. ஆனா சர்க்கார் நம்பரை அழிச்சது அழிச்சதுதான். நாப்பது மரம். உள்ள போகணும்."

பாண்டியம்மாளின் சிரிப்பு நின்றது.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்," என்றேன்.

ரேஞ்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க சார். உங்க பாஸைப் பிடுங்கிருவாங்க. இனி இந்த மலையில நீங்க கேமராவோட கால் வைக்க முடியாது."

"தெரியும். எழுதுங்க."

அவர் புதுத்தாளை எடுத்தார். என் பெயரை எழுதும்போதுதான் மொக்கையன் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"நம்பாதீக ஐயா. எட்டு வருசமா எங்கூட வர்றாரு. மரத்துல நம்பர் இருக்கிறதே அவருக்கு இன்னிக்குத்தான் தெரியும்."