கூடைக்குள் போன்

"போன் எல்லாத்தையும் கூடையில போடுங்க. பாருங்க, என்னோடதையும் போட்டுட்டேன்!"

குழந்தைகள் வார்டு நர்ஸ்கள் இருபது பேர். 'சாகணும்போல இருக்கு' என்று உள்ளுக்குள் புழுங்கும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்று பயிற்சி. நடத்த வந்த மேடம் ஊர் ஊராக இதைப் பேசியே பேர் வாங்கியவர்.

"முதல் விதி, குறுக்கே பேசக் கூடாது."

"மேடம், ஒரு சந்தேகம்..."

"குறுக்கே பேசாதீங்கன்னேனே!"

கூடைக்குள் ஏதோ ஒரு போன் உறுமியது. மேடம் முறைத்தார். "வீட்டுல இருக்கறவங்க அரை நாள் பொறுக்க மாட்டாங்களா?"

ஒத்திகை தொடங்கியது. மேடமே பதிமூன்று வயதுப் பெண்ணாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "என்னை யாருக்குமே பிடிக்கல..."

எதிரே இருந்த நர்ஸ் பழக்கதோஷத்தில் மேடத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. மோஷன் போனியா கண்ணு?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரிக்காதீங்க! 'செத்துப் போயிடலாம்னு தோணுதா'ன்னு நேராக் கேளுங்க. கேக்கறதால அந்த நினைப்பு வந்துடாது. கேட்டுட்டு வாயை மூடுங்க, காதைக் கொடுங்க. தனியா விட்டுடாதீங்க."

கூடை மறுபடி மறுபடி உறுமியது. நைட் டியூட்டி முடிந்து நேராக வந்து, காலையிலிருந்து கொட்டாவியாக விட்டுக்கொண்டிருந்த கடைசி வரிசை நர்ஸ், ஒரு போனை எடுத்துக்கொண்டு நைசாக வெளியே நழுவினாள்.

அரை மணி நேரம் ஆளைக் காணோம்.

"பாத்தீங்களா? பிள்ளை உயிரைவிட அந்தம்மாவுக்கு அரட்டை பெருசு. சர்டிபிகேட் கிடையாது!" வருகைப் பட்டியலில் அவள் பெயரைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, விறுவிறுவென்று கதவைத் திறந்துகொண்டு போனார் மேடம்.

படிக்கட்டில் போனும் காதுமாக உட்கார்ந்திருந்தாள் அவள். கொட்டாவி போன இடம் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நீங்க பாடம் கத்துக்கிற லட்சணம் இதுதானா?"

அவள் போனைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"இது உங்க போன் மேடம். உங்க பொண்ணு. ஆறு தடவை அடிச்சுட்டா, மனசு கேக்கல, எடுத்துட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டேன். 'ஆமா'ன்னா. அவளையே கூப்பிடச் சொல்லி பக்கத்து வீட்டு அத்தையை வரவழைச்சுட்டேன், இப்ப கூடவே இருக்காங்க."

மேடம் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார்.

நர்ஸ் போனை அவர் கையில் வைத்தாள். "எதுவும் பேசாதீங்க மேடம். காதை மட்டும் கொடுங்க."